கரண்ட் கந்தோரின் தமிழ் லைன்

கரண்ட் இருக்கும்போது கரண்ட் கந்தோருக்கு யாரும் கோல் எடுப்பதில்லை. அதனால் எங்கள் தொழிலில் "சுகமா இருக்கிறியளோ" என்று கேட்ட ஆளே கிடையாது.

கொழும்பில் ஒரு மின்சார அலுவலகத்தில் தமிழ் லைனை எடுக்கிறவள் நான். நீங்களும் ஒரு நாளாவது வியர்க்க வியர்க்க போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த 'டிங் டிங்' பாட்டைக் கேட்டபடி நின்றிருப்பீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் நின்று பட்ட பாட்டைத்தான் நான் இந்தப் பக்கம் இருந்து படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். வவுனியாவுக்கு அங்கால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து, மகள் பிறந்து, அவள் மொண்டிசோரி போகத் தொடங்கியபோது கிடைத்த பகல் வேலை இது. சின்னப் பிள்ளைக்காரிக்கு இதைவிட வசதியான வேலை கொழும்பில் இல்லை.

அரசாங்கத்தின் கரண்டைப் பிரித்துக் கொம்பனிகளாக்கப் போகிறார்கள் என்று ரீவியில் பெரிய பெரிய ஆட்கள் கதைக்கிறார்கள். எங்கள் அறையில் அதற்கு மிகச் சின்ன அர்த்தம்தான். தமிழ் லைனில் இருக்கும் நானும் ஃபஸ்லினாவும் போவோம். எங்கள் கதிரையில் 'ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள்' என்று சொல்லும் மெசின் வரும்.

விலாசம்

பக்கத்து மேசையில் சிங்கள லைன். அங்கே கோல் வந்தால் இடம், பெயர், இலக்கம், முடிந்தது. எங்கள் ஆட்கள் அப்படி இல்லை. கரண்ட் போன கதைக்கு வரும் முன், கரண்ட் போகும்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், அடுப்பில் என்ன இருந்தது, மருமகன் எந்தப் பஸ்ஸில் வேலைக்குப் போனார் என்று எல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். குறுக்கே பேசினால் முதலில் இருந்து தொடங்குவார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை; நானும் டொக்டரிடம் போனால் அப்படித்தான்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் அம்மா எடுத்தார். மலைநாட்டு ஹட்டன் பக்கத்துப் பேச்சு. கதை எல்லாம் முடிந்தபிறகு, "அம்மா, பில்லில் இருக்கிற இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றேன். பில்லை மகன் எங்கேயோ வைத்துவிட்டாராம். வீட்டு இலக்கத்தையாவது கேட்டேன். அதற்கு வந்த பதில்:

"நம்பரெல்லாம் எதுக்குங்க? ஆள அனுப்புங்க. வாசல்ல நாலு பேரு பேப்பரால விசிறிக்கிட்டு நிப்போம், அதான் நம்ம வீடு."

அறைக்கு ஒன்று

இந்த இரண்டு மூன்று வருடமாக வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன்பெல்லாம் கடற்காற்று இருக்கிறது என்று பெருமையடித்த வெள்ளவத்தையில்கூட, கடல் பக்கத்து ஜன்னலைப் பூட்டிவிட்டு ஏசி போடுகிறார்கள். அந்தப் பாரம் தாங்காமல் ஒருநாள் ஒரு லேனின் ட்ரான்ஸ்ஃபோமர் சத்தத்தோடு போனது.

உடனே கோல் எடுத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "உலகம் சூடாகுது எண்டு சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். உங்கட கந்தோருக்கு மட்டும் தெரியாதோ? இதைக் கொம்பனிக்குக் குடுத்தால்தான் சரிவரும். போனைப் பாரும், தனியார் வந்தாப் பிறகு எப்பிடி இருக்கு! ஒரு நாளிலை சிம் கையிலை" என்று ஒரு பாடமே நடத்தினார். அவர் சொன்னதில் பாதி நியாயம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு புது மீட்டருக்கு எங்கள் கந்தோர் எடுக்கும் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு வீடே கட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் "ஓம் சேர்" போட்டுவிட்டு, "வீட்டிலை எத்தினை ஏசி ஓடினது சேர்?" என்று மட்டும் கேட்டேன். கணக்கு வாத்தியார் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. பிறகு சொன்னார்:

"அறைக்கு ஒண்டுதான் பிள்ளை. அதுக்காக உலகத்தைச் சூடாக்கினது நாங்கள் எண்டு சொல்லிப்போடாதையும்."

வருசப்பிறப்பு லீவு

இன்னொரு கூத்து. சித்திரை வருசப்பிறப்புக்கு எல்லோரும் ஊருக்குப் போய்க் கொழும்பே காலியாகிவிடும். ஃபக்டரி இல்லை, கந்தோர் இல்லை, வீடுகளில் ஃபேன்கூட இல்லை. ஆனால் வெயில் மட்டும் லீவு எடுக்காமல் கொளுத்தும். கூரைகளில் பூட்டிய சோலர் பனல் எல்லாம் கரண்டை அள்ளித் தள்ளும். பாவிக்க ஆள் இல்லாமல் கரண்ட் கூடிப்போனால் முழு லைனும் விழுந்துவிடும் என்று எங்கள் எஞ்ஜினியர்மார் பயந்தார்கள். அதனால் பனல் வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு, லீவு முடியும்வரை பகலில் அதை நிற்பாட்டி வைக்கச் சொல்லிக் கேட்கும் வேலை எங்களுக்கு வந்தது.

கரண்ட் கந்தோரே கோல் எடுத்து, கரண்ட் தர வேண்டாம் என்று கெஞ்சினால் யார் நம்புவார்கள்? பாதிப்பேர் யாரோ ஏமாற்றுக்காரி என்று வைத்துவிட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு ஐயா மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மரக்கறிச் சாப்பாடு, துணிப்பை, கூரையில் சோலர் என்று வாழ்கிற மனிதர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பனலைப் பூட்டும்போது வந்த அதிகாரிகள் நாட்டுக்கும் உலகத்துக்கும் அவர் செய்யும் சேவை என்று புகழ்ந்துவிட்டுப் போனார்களாம். கடைசியில் பெருமூச்சு விட்டுக்கொண்டு கேட்டார்:

"பூமியைக் காப்பாத்தத்தானே பிள்ளை பூட்டினனான்? வருசப்பிறப்புக்குப் பூமிக்கும் லீவோ?"

வர வேணாம்

எங்கள் தொழிலில் நாக்குக்கு ஒரு பழக்கம் ஏறிவிடும். எதிர்ப்பக்கம் வாயைத் திறக்கும் முன்னே "வந்திடும், இப்ப வந்திடும்" என்று சொல்லிவிடுவோம். வீட்டில் மகள் தண்ணீர் கேட்டாலும் எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

மழை விடாமல் பெய்த ஒரு காலை. களனி ஆற்றோரக் குடியிருப்பில் இருந்து ஒரு பெண், பெயர் செல்வி, எடுத்தாள். ஃபஸ்லினா தான் கதைத்தாள். "கரண்டு..." என்று அவள் தொடங்கவும், "வந்திரும் புள்ள, கொஞ்சம் பொறுங்க, வந்திரும்" என்று இவள் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் போட்ட சத்தம் என் மேசைக்கே கேட்டது. "ஐயோ வர வேணாங்க! நிப்பாட்டுங்க! தண்ணி பிளக் வரைக்கும் வந்துருச்சு!" மெயின் சுவிச் வாசல் சுவரில். இடையில் முழங்கால் தண்ணீர். ஃபிரிட்ஜ் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது. அவள் கைக்குழந்தையோடு கட்டிலில் ஏறி நிற்கிறாள்.

ஃபஸ்லினாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் லைனை வாங்கி, "கட்டிலாலை இறங்க வேண்டாம், என்னோடை கதைச்சுக்கொண்டிருங்கோ" என்றேன். ஃபஸ்லினா எழுந்து எங்கள் பொறுப்பாளர் பெரேரா சேரிடம் ஓடினாள். அவர் ரேடியோவில் லைன்மேன் சுனில் அய்யேயைப் பிடித்தார். சுனில் அய்யே அந்த லேனுக்கான ஃபியூஸைக் கழற்றும்வரை நான் செல்வியிடம் பிள்ளையின் பெயர், பல் முளைத்துவிட்டதா, சோறு தின்னுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நேரத்தை ஓட்ட எங்கள் ஆட்களின் குடும்பக் கதையைவிட நல்ல மருந்து இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. திடீரென்று ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. இத்தனை வருட வேலையில் ஒரு வாடிக்கையாளர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை:

"கரண்டு போயிருச்சுங்க மேடம். ரொம்ப சந்தோசம்."

தொப்பி

அடுத்த கிழமை லைன்மேன்மார் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வாசலில் கூட்டம் போட்டார்கள். கரண்டைக் கொம்பனிக்குக் கொடுக்காதே என்று கோஷம். தேநீர் நேரத்தில் சுனில் அய்யேயிடம், உண்மையாகவே பயமா என்று கேட்டேன். அவர் சிங்களவர்; எனக்கு அவர் 'அய்யே', அதாவது அண்ணன், அவருக்கு நான் 'நங்கி', தங்கச்சி. எனக்காகத் தமிழில்தான் கதைப்பார். அவருடைய தமிழ் ஆற்றோரக் குடியிருப்புகளில் கம்பம் ஏறி ஏறிப் படித்தது.

"நங்கி, கொம்பனி வந்தாலும் மழைக்கு போஸ்ட் ஏர்றது நாந்தான். தொப்பி கலர் மட்டும் வேற. ஆனா விழுந்தா யாருக்கு கோல் எடுக்கிறது, அதுதான் தெரியாது."

என் குரல்

பிறகு ஒரு நாள் பெரேரா சேர் என்னைக் கூப்பிட்டார். மெசின் வந்துவிட்டது. தமிழுக்கு ஒரு தெளிவான குரல் வேண்டும், உன்னுடையது நல்லது என்றார். ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பார்களாம். மெசினே சமாளித்தால் தமிழ் லைனில் ஆள் தேவையில்லை. அவர் நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வாசிக்க வேண்டியதை வாங்கிப் பார்த்தேன். 'மின்விநியோகத் தடங்கல் தொடர்பில் அறிவிப்பதாயின்' என்று தொடங்கியது. கரண்ட் போனால் ஒன்று, பில்லுக்கு இரண்டு, புது இணைப்புக்கு மூன்று. வீட்டுக்குள் தண்ணீர் வந்து, கரண்டை வெட்டச் சொல்லுகிறவர் எதை அழுத்துவார்? அப்படியொன்று அதில் இல்லை. மழையோ வரவர அடிக்கடி வருகிறது.

"சேர், நான் குரல் தாறன். ஆனால் முதலாவதாக அதைப் போடவேணும். 'வீட்டுக்குள்ளே தண்ணீர் வந்து கரண்டை நிற்பாட்ட வேண்டுமென்றால் ஒன்றை அழுத்துங்கள்.' அழுத்தினவுடனே ஒரு மனிதர் எடுக்கவேணும். அது இந்த மேசையோ, வேறெந்த மேசையோ" என்றேன். அவர் மெசின்காரரோடு கதைத்துச் சம்மதம் வாங்கினார். எதையும் அழுத்தத் தெரியாத முதியவர்கள் இருப்பார்கள் என்று, ஒன்றும் அழுத்தாதவர்களையும் மனிதரிடமே அனுப்ப மெசின்காரர் தானாக ஒரு ஏற்பாடு செய்தார். அப்படிப்பட்டவர்கள் மிகக் கொஞ்சம்தான் இருப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. குரலைப் பதிந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஃபஸ்லினா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்:

"ஒங்கட வேலய எடுக்கப் போற மெசினுக்கு ஒங்கட வாயாலயே பேசப் பழக்கிக் குடுத்துட்டு வந்தீங்களா? நல்ல ஆளுதான் நீங்க."

மற்றப் பிள்ளை

மெசின் தொடங்கிய அன்று எங்களுக்கு வேலை இருக்காது என்று ஃபஸ்லினா வாசிக்க ஒரு சஞ்சிகைகூடக் கொண்டுவந்தாள். அதைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. கோலுக்கு மேல் கோல். மெசின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது; எங்கள் ஆட்கள்தான் எதையும் அழுத்துகிறார்கள் இல்லை. ஒரு பெண் குரல் "வணக்கம்" என்றதும் அவர்களும் வணக்கம் சொல்லி, வீட்டில் யார் யார் என்று கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். மெசின் எண்களைச் சொல்லி முடித்து, கொஞ்சம் காத்திருந்து, ஒன்றும் நடக்காமல் எங்களிடம் தள்ளிவிடுகிறது. அந்த மாதத்தில் ஆற்றோரம் தண்ணீர் ஏறிய ஒரு நாளில் மட்டும் ஒன்றை அழுத்தினார்கள். பயத்தில் மெசின் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இருந்த இடத்தை விட்டு நாங்கள் எழும்பவில்லை.

மாத முடிவில் மெசின்காரர் வந்து தலையைச் சொறிந்தார். சிங்கள லைனில் மெசின் பாதி வேலையைச் செய்கிறது, தமிழ் லைனில் மட்டும் ஏன் எல்லோரும் மனிதரிடம் வருகிறார்கள் என்று கேட்டார். பெரேரா சேர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். 'மறு அறிவித்தல்வரை தமிழ் லைனில் ஆட்கள் இருக்கட்டும்' என்று முடிவானது. கொம்பனி வந்தால் அந்த மறு அறிவித்தலும் வரும் என்பது எனக்குத் தெரியும், இப்போதைக்கு இல்லை.

அந்தச் சந்தோசத்தோடு அடுத்த கோலை எடுத்தேன். கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவர். நான் "வணக்கம்" சொன்னதும் வெடித்தார்:

"இப்பதான் பிள்ளை ஆளா வந்திருக்கிறாய்! முதல் எடுத்தவளுக்கு நான் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லுறன், அவள் தன்ரை பாட்டிலை ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு நிக்கிறாள். அவளுக்கு உன்ரை குரல்தான் இருக்கு, உன்ரை குணம் இல்லை."

நாட்டின் கரண்ட் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மெசினுக்குள் இருந்து நான் சொல்லும் பேச்சை எங்கள் சனம் கேட்காதவரைக்கும் என் வேலைக்கு ஒன்றும் ஆகாது.