தபசில் நின்ற தங்கமீன்

விசைத்தறியில் இருபத்திரண்டு வருஷம் நின்றதில் வேல்ராஜுக்குக் காது பாதி போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால், சோற்றுக்கு உப்புக் கேட்டாலும் தெருவுக்கே கேட்கும்படிதான் கேட்பார். மனிதர்களிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு தங்கமீனை வாங்கி, வாசல் அறையில் கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தார். ஷிப்டு முடிந்து வந்ததும் அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். மீன் அவரைப் பார்த்து வாயைத் திறந்து மூடும். சத்தம் வராது. அவருக்கு அது பொருத்தமான பேச்சுத்துணையாகப் பட்டது. அது வாயைத் திறக்கும்போதெல்லாம் தீனியைப் போட்டார்.

அம்மன் ஒற்றைக்காலில் தவமிருக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று மீன் தீனியைத் தொடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் தலை மேலே, வால் கீழே என்று செங்குத்தாக நின்றது.

அவர் மனைவி மாரிசெல்வி இதைப் பக்கத்து வீட்டு நிர்மலாதேவியிடம் போகிற போக்கில்தான் சொன்னாள். நிர்மலாதேவி வந்து குனிந்து பார்த்தாள். நிமிரும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோமதியம்மன் ஒத்தக்கால்ல நிக்கா. இது வால்ல நிக்கு. பச்சத்தண்ணி பல்லுல படல பாரு."

"தண்ணிக்குள்ளதான மதினி நிக்கு?"

"நிக்கும். குடிச்சத நீ பாத்தியா?"

மாரிசெல்வி பார்த்ததில்லை.

சாயங்காலத்துக்குள் வாசலில் செருப்புகள் குவிந்தன. ஒருத்தி தொட்டிமேல் பிச்சிப்பூச் சரத்தைச் சுற்றினாள். இன்னொருத்தி கோயில் புற்றுமண்ணைக் கிள்ளித் தண்ணீரில் போட, கலங்கலில் மீன் அரை நாள் கண்ணுக்கே படவில்லை. அது மறைந்துவிட்டதென்று அதைப் பார்க்க ஒரு கூட்டம் வந்தது.

வேல்ராஜ் கடையநல்லூருக்கு பஸ் ஏறினார். மீன் வாங்கிய கடைக்காரர் கபீரிடம் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ தீனி போடுவிய அண்ணாச்சி?"

"அது வாயத் தொறக்கும்போதெல்லாம் போடுவேன் பாய்."

கபீர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "மீனு வாயத் தொறக்கது மூச்சு விடதுக்கு. தின்னு தின்னு வயிறு கட்டிக்கிட்டு. தண்ணிய மாத்துங்க. மூணு நாளைக்கு ஒண்ணும் போடாதிய. பொறவு பட்டாணிய அவிச்சு, தோல உரிச்சு, துளிபோலக் கிள்ளிப் போடுங்க."

திரும்பி வரும்போது வேல்ராஜ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதமும் அது தன்னிடம் ஏதோ சொல்கிறதென்று நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நிர்மலாதேவியைத் தனியாக அழைத்து ரகசியமாகச் சொன்னார்: "இது தபசு இல்லம்மா. மலச்சிக்கல்."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "நல்ல நாளும் அதுவுமா பேசுத பேச்சா அண்ணாச்சி இது?" என்றாள் நிர்மலாதேவி. தண்ணீரை மாற்றவும் அவள் விடவில்லை. தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்டுவதா?

ஒரு நாள் முழுக்க யோசித்தார் வேல்ராஜ். பிறகு, தீர்த்தம் வேண்டியவர்கள் பாட்டில் கொண்டு வரலாம் என்றார். அரை மணி நேரத்தில் முக்கால் தொட்டி காலியானது. முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி நிரப்பினார். "தெளிக்க மட்டுந்தான், யாரும் குடிக்கப்படாது" என்று அவர் சொன்னது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

மூன்று நாள் தொட்டியை விட்டு நகரவில்லை. கல்கண்டோடு வந்த கைகளையெல்லாம் தடுத்தார். தபசுக்கு இரண்டு நாள் இருக்கையில், சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு பட்டாணியைக் கிள்ளிப் போட்டார். மீன் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வி விழுங்கியது. விடிந்தபோது தொட்டியின் அடியில் நூல்போல நீளமாகக் கழிவு கிடந்தது. மீன் மட்டமாக நீந்தி, கண்ணாடியை முட்டித் தீனி கேட்டது.

நிர்மலாதேவி வந்து குனிந்து பார்த்தாள். "நாளைக்குத்தான தபசு. ஒரு நாள் பொறுக்க முடியலயா அதுக்கு?"

வேல்ராஜுக்கு வெட்கமாக இருந்தது. "தப்புதாம்மா" என்றார், மீனுக்காக.

கூட்டம் அதோடு கலைந்தது. அடுத்த வாரம் மேலத்தெரு எப்சிபா தன் நான்கு வயது மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். "சாப்பிடவே மாட்டேங்கா அண்ணாச்சி. ஒங்க மீனு எப்படித் திங்க ஆரம்பிச்சு?"

அவர் பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். குழந்தை ஒன்றை உரித்து மீனுக்குப் போட்டது. அடுத்ததை உரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது. எப்சிபா அங்கேயே அழுதுவிட்டாள்.

இப்போது தினமும் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். மாரிசெல்வி அரைக்கிலோ பட்டாணி அவிக்கிறாள். மீனுக்கு ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. வேல்ராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து, மீனுக்கு இரண்டாவது போகாமல் பார்த்துக்கொள்கிறார்.