யாருக்காக எழுதிய பரீட்சை

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்குப் போன் எடுக்கும் வேலை. எங்கே இணையம் படுத்துவிட்டாலும் முதல் திட்டு அவளுக்குத்தான். திட்டை வாங்கிக்கொண்டு, புகாரைக் குறித்துக்கொண்டு, இன்ஜினியர்களுக்குத் தள்ளிவிட வேண்டும். பாதிப் புகாரை அவளே போனில் தீர்த்துவிடுவாள். அதற்காக யாரும் ஒரு பைசா கூட்டிக் கொடுத்ததில்லை.

“நெட்வொர்க் சர்டிபிகேட் ஒண்ணு மட்டும் வாங்கிடும்மா, உன்னை இன்ஜினியர் ஆக்கிடறேன்” என்று மேனேஜர் ஒருநாள் சொன்னார். ரகசியமாக அல்ல, நாலு பேர் முன்னால் சொன்னார். அவளும் நம்பினாள். வாஷிங் மெஷினுக்கென்று சேர்த்த பணம் பரீட்சைக் கட்டணமாகப் போயிற்று. முதல் தடவை கோட்டை விட்டாள். இரண்டாம் தடவைக்கு மறுபடியும் முழுக் கட்டணம். கொஞ்சத்தில் தவறவிட்டவர்களுக்குத் தள்ளுபடி தரும் பழக்கமெல்லாம் பரீட்சை நடத்தும் அந்தப் புண்ணியவான்களிடம் கிடையாது. பஸ் ஓட்டும் கணவர் வாளியில் துணி அலசிக்கொண்டே, ஸ்விட்ச் எதற்கு, ரவுட்டர் எதற்கு என்று அவளைக் கேள்வி கேட்டுக் கேட்டுத் தானும் கால்வாசி இன்ஜினியர் ஆனார்.

பாஸ் செய்தாள். மேனேஜர் கை குலுக்கினார். சர்டிபிகேட் எண்ணைக் கம்பெனியின் கணக்கோடு ஆன்லைனில் இணைக்கச் சொன்னார், இணைத்தாள். நாற்காலி மட்டும் மாறவில்லை. கேட்டபோதெல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பூசி மெழுகினார். அவளுக்குப் பின்னால் சேர்ந்த பையன்களெல்லாம் இன்ஜினியர் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவளைக் கடந்து போய் வந்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் அந்தச் சர்டிபிகேட் இல்லை. வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். படிப்பு சரி, இன்ஜினியராக வேலை பார்த்த அனுபவம் எங்கே என்று திருப்பி அனுப்பினார்கள். யாராவது அந்த வேலையைக் கொடுத்தால்தானே அனுபவம் வரும்? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இதில் இன்னொரு கொடுமை, அந்தச் சர்டிபிகேட்டுக்கு ஆயுள் மூன்றே வருடம். அதற்குள் மறுபடி பரீட்சை எழுதாவிட்டால் செல்லாது. இந்த மாதக் கடைசியோடு கெடு முடிகிறது என்று மேனேஜரே அவளைத் தேடி வந்து நினைவுபடுத்தினார். அவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. கட்டணத்தைக் கம்பெனி தருமா என்று கேட்டாள். உன் சர்டிபிகேட், உன் வளர்ச்சி, நீதானேம்மா கட்ட வேண்டும் என்றார்.

வீட்டில் கணவனும் மனைவியும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். போட்டது கண்ணுக்குத் தெரிந்தது, திரும்பி வந்தது எதுவுமில்லை.

“போனது போகட்டும். மறுபடி பணத்தைக் கட்டி ஏமாறணுமா? விட்டுடு” என்றார் கணவர்.

அவர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயமாக இருந்ததுதான் காரணம். விட்டுவிட்டால் தூக்கத்தை விற்றுப் படித்ததெல்லாம் வீண். கட்டினாலோ அதே நாற்காலி, அதே திட்டு. முடிவு எடுக்க முடியாமலே வேலைக்குப் போனாள்.

அன்று ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பொருள் வாங்கும் பிரிவின் அதிகாரி பேசினார். கம்பெனி போட்ட டெண்டரில் தலைமை நெட்வொர்க் இன்ஜினியர் என்று ஒருவரைக் காட்டியிருக்கிறதாம், அவரிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம். யார் என்று விசாரித்தாள். அவர் அவளுடைய பெயரைப் படித்தார். சர்டிபிகேட் எண்ணையும் படித்தார்.

“அது நான்தான் சார்” என்றாள்.

“நீங்க போன் எடுக்கிறவங்கன்னுல்ல நினைச்சேன்?”

“அதுவும் நான்தான். இன்ஜினியர்ங்கிறது நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது.”

அவள் அவருடைய சந்தேகத்தைக் கேட்டு, பதிலையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள். பிறகு டெண்டர் வேலை பார்க்கும் கிளார்க்கிடம் போய் நேராகக் கேட்டாள். அவர் மென்று விழுங்கி விஷயத்தைக் கக்கினார். அந்தச் சர்டிபிகேட் உள்ள ஆள் ஒருவராவது இல்லாத கம்பெனி பெரிய டெண்டர் எதிலும் தலைகாட்டவே முடியாதாம். இத்தனை நாளும் எல்லா டெண்டரிலும் அவள்தான் தலைமை இன்ஜினியராம். அவள் தலையிலேயே மிளகாய் அரைத்து, அதற்கான செலவையும் அவளிடமே கேட்டிருக்கிறார்கள்.

நாற்காலிக்குத் திரும்பினாள். சர்டிபிகேட் தளத்தைத் திறந்து, கம்பெனியோடு இருந்த இணைப்பை எடுத்துவிட்டாள். அதற்கு அவள் ஒருத்தியின் சம்மதமே போதும்.

இணைப்பு அறுந்த தகவல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் மேனேஜர் ஓடி வந்தார். அடுத்த மாதம் நிச்சயம் இன்ஜினியர் என்றார். ஆர்டரை, சம்பளத்தோடு எழுதிக் கொடுங்கள் என்றாள். டெண்டரில் இப்படிப் பெயரை மட்டும் காட்டுவது எல்லாக் கம்பெனியிலும் வழக்கம்தான் என்றார். அவள் அசையவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஒரு வெறும் காகிதத்துக்கு இவ்வளவு ஆட்டமா?”

“வெறும் காகிதம்னா, அது இல்லாமலே டெண்டர் போடுங்க சார்.”

அவர் போய்விட்டார். அன்று மாலை அவள் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். கம்பெனியின் பெயர் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டாள்.