தகரம் என்னுது, பெயிண்டு அவனுது

என் தம்பியின் வலது கையை உடைத்தது நான்தான். மரச்சுத்தியால் மூன்று அடி. ஷட்டர் விழுந்தது, ஏணியில் வழுக்கினான் என்று எங்கள் சந்தில் அப்போது நாலு விதமாகப் பேசினார்கள். அதெல்லாம் கிடையாது. ஒரு பொம்மை ரயில் எஞ்சினுக்காக அடித்தேன். பொம்மை என்று நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இதைக்கூட செல்போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. எதிர்வீட்டு டீச்சரம்மா அதைப் புத்தகத்து வார்த்தையாக மாற்றித் தருகிறார். மாற்றட்டும். சண்டையில் பேசினதை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பத்து வயதில் தாராவிக்கு வந்து டப்பா பட்டறையில் சேர்ந்தேன். பதினைந்து கிலோ எண்ணெய் டின்கள் நசுங்கிப்போய் வரும். வெந்நீரில் கழுவி, ஒடுக்கெடுத்து, மறுபடி நிமிர்த்தி அனுப்ப வேண்டும். உள்ளே கையை விட்டு அடிக்கும்போது டின்னின் விளிம்பு முழங்கை வரை கிழிக்கும். முதலாளி நம்ம ஜில்லாக்காரர்தான். ஒடுக்கு மிச்சம் இருந்தால் அந்த டின்னாலேயே தலையில் அடிப்பார். "தலையில பட்டு நெளிஞ்சா அதையும் நீதாம்ல எடுக்கணும்" என்பார். எடுத்திருக்கிறேன். என் தலை பட்டு நெளிந்த டின்னை நானே உட்கார்ந்து நிமிர்த்தியிருக்கிறேன்.

தம்பி எனக்கு எட்டு வயது இளையவன். ஊரில் அம்மா போன பிறகு அவனையும் என்னிடம் அனுப்பிவிட்டார்கள். அவனைப் பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். போகாத நாளில் தகரப் பட்டையால் முதுகில் இழுத்திருக்கிறேன். முதுகில் கோடு கோடாக நிற்கும். ஆறாம் வகுப்பு வரை அப்படித்தான் போனான். தமிழ், ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் என்று நாலு எழுத்தும் அவன் கைக்கு வந்தது. போர்டு எழுதுகிறவன் ஆனான். கடை போர்டு, வண்டி நம்பர் பிளேட், லாரியின் பின்பக்கம், எல்லாம். பத்துக்குப் பத்து ரூமில் கீழே நான், மேல்தளத்தில் அவனும் அவன் பெண்டாட்டியும். மேலே போக வெளியில் ஒரு இரும்பு ஏணி. என் மனைவி இறந்த பிறகு எனக்குச் சோறும் அங்கிருந்துதான் இறங்கி வரும்.

ரயில் செய்ய ஆரம்பித்தது எப்போது என்று கேட்டால் சரியாகச் சொல்ல வராது. இளவட்டமாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் மாட்டுங்கா பாலத்தில் போய் நிற்போம். அப்போது மலையேறுகிற பழைய மின்சார எஞ்சின் ஒன்று ஓடியது. இரண்டு பக்கமும் மூக்கு நீண்டு, நடுவில் இடுப்பு, வளைவில் அந்த இடுப்பை ஒடித்துத் திரும்பும். நாங்கள் முதலை என்போம். ஓட்டுகிறவர்கள் அதை நண்டு என்பார்களாம். அது முனகுகிற சத்தம் வயிற்றில் கேட்கும்.

அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் அதற்குக் கை பழக வேண்டும் என்று லோக்கல் பெட்டிகளாகச் செய்தோம். அளவு எனக்குத் தெரியாது. ஒரு ஆளின் உயரத்துக்கு என் சுண்டுவிரலில் இரண்டு கணு. அந்தக் கணக்கில் நூலில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வேன். எண்ணெய் டின்னை விரித்து, கத்தரியால் வெட்டி, ஜன்னல் தட்டி, ஈயம் வைத்து ஒட்டுவேன். இரண்டாவது மூலைக்குச் சூடு காட்டினால் முதல் மூலை விட்டுக்கொள்ளும். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு செய்ய வேண்டும். ஈயம் பிடிக்கத் தடவுகிற ஆசிட் தெறித்து ஒரு புருவம் போனது, இன்னும் முளைக்கவில்லை.

லோக்கல் வாசலுக்கு நடுவில் ஒரு கம்பி நிற்கும் பாருங்கள், பிடித்துக்கொள்வதற்கு. அந்தக் கம்பியை மட்டும் நான் இரண்டு தடவை ஈயம் வைப்பேன். வடாலா தாண்டி ஒருநாள் என் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்தவன் கம்பத்தில் அடிபட்டுப் போனான். சத்தம்கூட வரவில்லை. அவன் ஒற்றைச் செருப்பு என் காலுக்கு அடியில் பெட்டிக்குள் இருந்தது. அடுத்த ஸ்டேஷனில் ஏறியவர்கள் அதை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெட்டி செய்தாலும் அந்தக் கம்பியை ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன்.

பெயிண்ட் முழுக்கத் தம்பி. பழுப்பும் மஞ்சளும் அவனே கலப்பான். பெட்டியின் நீளத்துக்கு ஒரு கோடு போகும். மற்றவர்கள் டேப் ஒட்டி அடிப்பார்கள். இவன் அணில்முடி பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் இழுப்பான். கோடு முடிந்த பிறகுதான் மூச்சு வரும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சண்டை உண்டு. மூலை கோணல் என்று அவன் சொல்வான், நிறம் தப்பு என்று நான் சொல்வேன். ஒருதடவை பழுப்பு டப்பாவைத் தூக்கி என் மூஞ்சியில் அடித்தான். நான் அவனைச் சுவரோடு சேர்த்து நெரித்தேன். அவன் பெண்டாட்டி ஏணியில் நின்றபடி, "ரெண்டு பேரும் ரயிலு செய்யுதியளா, கொலை செய்யுதியளா?" என்பாள். மறுநாள் காலையில் பெட்டி காய்ந்திருக்கும். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

மாட்டுங்காவில் ஒரு சார் இருந்தார். ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுதச் சொல்லி எங்கள் இடத்துக்கு வந்தவர், அலமாரியில் பெட்டிகளைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவர் ரயில் சேகரிக்கிறவர். வெளிநாட்டுப் பித்தளை எஞ்சின்கள் கண்ணாடி பீரோவில் இருக்கும். கட்டிலைச் சுற்றித் தண்டவாளம். என் இரண்டு கணுக் கணக்கில் செய்த பெட்டி அந்தத் தண்டவாளத்துக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பிறகு நாங்கள் செய்ததில் பாதி அவர் வீட்டு ஜன்னல் ஓரத்துக்குப் போய்விட்டது. கொண்டுபோய்க் கொடுப்பது எப்போதும் நான்தான். தம்பிக்கு எழுத்து வேலை இருக்கும்.

நாலைந்து வருடம் முன்னால் கடைசியில் முதலையைச் செய்து முடித்தோம். எனக்கு அறுபத்தெட்டு, அவனுக்கு அறுபது. ஒரு வருடம் ஆனது. ஒரு முழம் நீளம், கறுத்த பச்சை. இடுப்பு ஒடியும். துணிப்பையில் வைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மாட்டுங்காவுக்கு நடந்தே கொண்டுபோனேன்.

சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். சக்கரம் பார்க்கத் திருப்பினார்.

"உங்க தம்பியோட எழுத்து இருக்கே, முத்துதான் போங்கோ" என்றார்.

"எங்க சார்?"

"இதோ, அடியில. எல்லாத்துலயும் எழுதறாரே. அவர் பேரு, அதுக்குக் கீழ தாராவின்னு."

"அது பட்டறை நம்பர்லா சார்? நெசப் பெட்டிலயும் கீழ எழுதியிருக்கும்லா. எடை, ரிப்பேர் பண்ணுன தேதி..."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நம்பர் ஒண்ணும் இல்லையே. பேர்தான்."

"எல்லாத்துலயுமா சார்?"

எழுந்து போய் ஜன்னல் ஓரத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு, கெட்ட மனதோடு இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "நீங்க தகரம் வெட்டிக் குடுக்கறவர்னுன்னா நான் நெனச்சிண்டிருந்தேன்."

முதலையை அவர் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டேன். பின்னாலேயே மாடிப்படி வரை கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் திரும்பவில்லை. பாலத்தில் வரும்போது கீழே லோக்கல் போனது. எத்தனை வருடமாக அந்த எழுத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். சின்னச் சின்னதாக, வரிசையாக, என்ன அழகாக நம்பர் போட்டிருக்கிறான் என்று பக்கத்து ரூம்காரர்களிடம் காட்டியிருக்கிறேன்.

வீட்டில் தம்பி நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்தான். பட்டறை மேசையில் வலது கையை ஊன்றியிருந்தான். மத்தியான வெயில் நேராக அவன் கைமேல் விழுந்தது.

முதலையைக் கவிழ்த்து முன்னால் வைத்தேன். "இதுல என்னல எழுதியிருக்க?"

தலையைத் தூக்கவில்லை. "எம்பேரு."

"எம்பேரு எங்கல?"

அப்போதுதான் நிமிர்ந்தான். சிரித்தான். "எழுதியிருந்தா மட்டும் வாசிச்சிருப்பியாக்கும்?"

சுத்தி அங்கேயே கிடந்தது. முதல் அடி அந்தச் சிரிப்புக்கு. மரத்தில் விழுந்த மாதிரிதான் சத்தம் வந்தது. இரண்டாவதில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. மூன்றாவதை நான் தெரிந்தே அடித்தேன். எழுதுகிற கை என்று தெரிந்து அடித்தேன். அதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அவன் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். கத்தினது அவன் பெண்டாட்டி. குக்கர் மூடியோடு ஏணியில் இறங்கி வந்தாள். "அத்தான்னு பாக்கேன்... அத்தான்னு பாக்கேன்..." என்று சொல்லிச் சொல்லியே என் நெற்றியில் அடித்தாள். எனக்கு நாலு தையல். மூன்று பேரும் ஒரே டாக்சியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் நடுவில். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நிற்கும்போது என்னை ஒரு குத்து குத்தினாள். டிரைவர் திரும்பி, "அரே, காடி மே மார்-பீட் நஹி" என்றான், வண்டிக்குள்ளே அடிதடி கூடாதாம். சிக்னல் விழுந்ததும் மறுபடி குத்தினாள். என் ரத்தமும் அவன் ரத்தமும் அவள் சேலையில்தான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டார். தம்பி மறைக்கவில்லை. "அண்ணந்தான் அடிச்சான்" என்றான். பிறகு, "உள்ள வைக்க வேண்டாம். மை தேக் லூங்கா" என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். போலீஸ்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி என்னைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னான்.

நாலாம் நாள் பார்த்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையோடு கீழே வந்து, அலமாரியில் இருந்த பதினொரு பெட்டிகளையும் முதலையையும் தரையில் வரிசையாக வைத்தான். பழைய பெயிண்ட்டை உரிக்கிற மருந்து டப்பாவைப் பல்லால் திறந்தான். இடது கையால் எல்லாவற்றின் மேலும் ஊற்றினான். பெயிண்ட் கொப்பளித்தது. தீயில் வெந்த தோல் மாதிரி எழும்பி, சுருங்கி, வழிந்தது. இரும்புத் தேய்ப்பானை எடுத்துத் தேய்த்தான். அவன் போட்ட கோடுகளை அவனே தேய்த்தான்.

"தகரம் ஒன்னுது. நீ வச்சிக்கோ" என்றான். "பெயிண்டு என்னுது. எடுத்துக்கிட்டேன்."

நான் தடுக்கவில்லை. தடுக்க என்ன இருக்கிறது? மருந்து வாடையில் கண் எரிந்தது. பெட்டிகளில் பழைய எண்ணெய் டின்னின் சூரியகாந்திப் பூ பாதி பாதியாக வெளியே வந்தது. முதலையின் மூக்கில் ஒரு முழுப் பூ.

ஒன்றரை மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கை இருந்தது, விரல் மடங்கவில்லை. பிடித்துப் பிடித்துப் பழகச் சொல்லி ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். மேலே அவன் அதைப் பிடிக்கப் பார்ப்பான். பந்து பலகையில் விழும். நேரே என் தலைக்கு மேலே. டொக். உருளும். மறுபடி டொக். ஒரு நாளைக்கு எத்தனை தடவை. விழாத சத்தம் வராதா என்று நான் கீழே படுத்துக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். வரவில்லை. நம்பர் பிளேட் கொடுத்தவர்கள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். என் சோறு ஏணியில் இறங்குவது நின்றிருந்தது.

மழை பிடித்தது. பெயிண்ட் இல்லாத தகரம் பம்பாய் மழைக்கு நாலு நாள் தாங்காது. வெட்டின ஓரத்தில்தான் முதலில் துரு ஏறும். முதலையின் ஓரம் முழுக்கச் சிவந்துவிட்டது. பொறுக்க முடியாமல் ஒருநாள் காலையில் அவனுடைய பச்சையைத் திறந்தேன். அவனுடைய அணில்முடி பிரஷ்ஷையும் எடுத்தேன். மூக்கில் பூசினேன். வழிந்தது. துடைத்தேன். இன்னும் கேவலமானது.

ஏணியில் ஒரு கையால் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கி வந்தவன் அதைப் பார்த்தான்.

"எம் பிரஷ்ஷ எதுக்குல தொட்ட?"

மரியாதை இல்லாமல் அண்ணனை 'ல' போட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை. உதைத்தான். நான் பெட்டிகளின் மேல் போய் விழுந்தேன். இரண்டு பெட்டி என் முதுகுக்கு அடியில் நசுங்குவது தெரிந்தது. எழுந்து அவன் வயிற்றில் முட்டினேன். பச்சை கொட்டியது. இரண்டு கிழவன்கள் பெயிண்ட்டில் புரண்டோம். அவன் மேலே வந்துவிட்டான். இடது கையால் வாயில் குத்தினான், ஒரு பல் ஆடியது. தலையைத் திருப்பித் தப்பிக்கப் பார்த்தேன். காதுக்கு மேலே மயிரைப் பிடித்து இழுத்தான்.

தலையை அசைக்க முடியவில்லை. உதறிப் பார்த்தேன். விடவில்லை. எந்தக் கை என்று அப்போதுதான் கவனித்தேன். இடது கை என் கழுத்தில் இருந்தது. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என் மயிரைக் கவ்விக்கொண்டிருந்தன. நடுவிரல் பாதி மடங்கி முட்டுக் கொடுத்தது. மற்ற இரண்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பிரஷ் பிடிக்க அந்த இரண்டும் வேண்டாம்.

நான் அடிப்பதை நிறுத்தினேன்.

"பிடிக்குல" என்றேன்.

"என்னது?"

"ஒன் கையி. பிடிக்கு பாருல. விடாத, இன்னும் இறுக்கிப் பிடி."

அவன் தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையோ என் தலையில் இருப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். மேலே அவன் பெண்டாட்டி, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியளா?" என்று கத்திக்கொண்டு ஏணிக்கு வரும் சத்தம் கேட்டது. அவன் விடவில்லை. மெதுவாக, சோதித்துப் பார்க்கிற மாதிரி இழுத்தான். மயிர் வேரோடு வருவது தெரிந்தது. என் வாயில் ரத்தமும் பெயிண்ட்டும் ஒன்றாக இறங்கின.

"வலிக்கா?" என்றான்.

"வலிக்கு."

இன்னும் பலமாக இழுத்தான்.