சகலனுடையதைவிடப் பெரிய நம்பர்

எஞ்சின் விசயத்தில் என்னை ஏமாற்ற இந்த வாவிக்கரையில் ஒருவரும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் பெரியகல்லாற்றிலிருந்து வாகரை வரைக்கும் தோணி எஞ்சின், தண்ணீர் மெசின், நெல்லு மில் எஞ்சின் என்று நான் கை வைக்காத இரும்பு குறைவு. சத்தத்தைக் கேட்டே என்ன வருத்தம், எங்கே பழுது என்று சொல்லுவேன். அப்படிப்பட்ட நான் நெருப்புப்பெட்டி அளவுச் சாமான் ஒன்றில் பிழை விட்டேன். படிப்பில்லாததால் விட்ட பிழை என்பாள் என் மனைவி. பொறாமையால் விட்ட பிழை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வரவேண்டும். என் மாமனார் ஒரே வளவில் மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுத்தார். நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி. வேலியில் போய்வர ஒரு கடப்பு. இளையவளைக் கட்டிய நான் இந்தப் பக்கம், மூத்தவளைக் கட்டிய சகலன் அந்தப் பக்கம். அவர் தபால் கந்தோரில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். இங்கிலீஸ் பேப்பர் வாசிப்பார். மாமனார் கண்மூடும்வரை காணி உறுதியை வாசிக்க அவரைக் கூப்பிடுவார், கிணற்று மெசின் நின்றால் என்னைக் கூப்பிடுவார். நான் இந்த வளவுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாங்கும் ஒவ்வொரு சாமானும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து திரும்பவும் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கிய நேரம். என் ஒரே மகள் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். றோட்டு நிலைமை சரியில்லை, ரவுணுக்குப் படிக்க அனுப்பப் பயம். அவள் போகக்கூடிய ஆகத் தூரமான இடம் அந்தக் கடப்புக்கு அங்கால் இருக்கும் பெரியப்பா வீடு. அங்கே ஒரு கம்பியூட்டர். பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு பொழுது போகவில்லை என்று, கார் ஓட்டும் கேம் விளையாடச் சகலன் வாங்கியது. அறுபது வயதில்.

காலையில் போனால் மத்தியானச் சோறும் அங்கேதான். பின்னேரம் வேலிக்கு மேலால் சிரிப்புச் சத்தம் வரும். நான் கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பெற்றவன் நான், சிரிப்பு அவருக்கு.

அதோடு சகலனுக்குப் பெரிய பெயரும் வந்தது. கம்பியூட்டருக்கு எஞ்சின் மாதிரியான அந்த நெருப்புப்பெட்டி அளவுப் புரொசசரில் மிச்சம் பிடித்து, அந்தக் காசைப் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்ட்டில் போட்டாராம். குறைந்த காசில் கொழும்பிலும் இல்லாத மெசின் என்று பார்க்க வந்தவன் எல்லாம் சொன்னான். "அத்தான் எதையும் யோசிச்சுத்தான் வாங்குவார்," என்றாள் என் மனைவி, என் கோப்பையில் சோற்றைப் போட்டபடி. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

மகளுக்கு நானே ஒரு மெசின் வாங்கி வைத்தால் அவள் என் வீட்டில் இருப்பாள். இதுதான் என் கணக்கு. அவளிடம் சொன்னேன். சந்தோசப்பட்டாள். ஆனால் ஒரு துண்டில் புரொசசரின் பெயரை எழுதித் தந்து, "பெரியப்பாட மாதிரியே எடுங்க அப்பா. கேமுக்கு அதுதான் நல்லம், விலையும் குறைவு," என்றாள். பெரியப்பாட மாதிரி என்ற சொல்லுக்குப் பிறகு நான் அந்தத் துண்டை விரித்தும் பார்க்கவில்லை.

காத்தான்குடியில் ஒரு கடை. முதலாளி சவூதியில் இருந்து வந்த பெடியன், நல்ல மனிசன். கண்ணாடி அலுமாரியில் இருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் இரண்டு என்று நம்பர். மற்றதில் மூன்று தசம் நாலு.

"கேமுக்கெண்டா இந்த ரெண்டை எடுங்க அண்ணன். மிச்சக் காசுக்கு நல்ல கார்ட் போட்டுத் தாறன்."

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். வெறும் பெட்டியைச் சகலன் தன் அலுமாரிக்கு மேல், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"மூணு கூடவா, ரெண்டு கூடவா தம்பி?"

"நம்பர் மூணுதான் கூட. ஆனா அண்ணன்..."

"அப்ப மூணைக் கட்டுங்க."

என்னைக் குறை சொல்ல நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். தோணியில் பெரிய குதிரைவலு எஞ்சின் பூட்ட ஆமியும் நேவியும் விடாத காலம் அது. வருசக்கணக்காகச் சின்ன எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவனுக்கு முன்னால், ஒரு தடையும் இல்லாமல் பெரிய நம்பர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் மனம் எங்கே நிற்கும்? அதுவும் சகலனுடையதைவிடப் பெரிய நம்பர்.

வழியில் சென்றிப் பொயின்றில் பெட்டிகளை இறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரனுக்குத் தமிழ் தெரியாது, என் சிங்களம் சந்தைச் சிங்களம். கார் ஓட்டும் கேமுக்கு என்று விளக்க, நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங் திருப்பி, வாயால் கார் சத்தம் போட்டுக் காட்டினேன். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டுத் திரும்பவும் செய்யச் சொன்னான். செய்தேன். மகளுக்காகத்தானே.

மெசினைப் பூட்டி முடித்த அன்று மகள் கடப்புப் பக்கம் போகவில்லை. நான் அயலுக்கெல்லாம் நம்பரைச் சொல்லித் திரிந்தேன். "மூணு தசம் நாலு. அங்கால இருக்கிறது வெறும் ரெண்டு." சகலனுக்குக் கேட்கட்டும் என்று வேலியோரமாக நின்றும் சொன்னேன்.

இரண்டாம் நாளே வியாதி தொடங்கியது. அரை மணித்தியாலம் ஓடும். அதுக்கு மறுகா உள்ளே விசிறி, மழைக்கு முந்திய காற்றைப்போல இரையும். கார் வளைவில் திரும்பும்போது படம் விக்கி விக்கி நிற்கும். பிறகு பொத்தென்று முழுதாக அணைந்துவிடும். மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைப் பிடித்தேன். கச்சான் காற்று அடிக்கும் மாதம், சுவரே கொதிக்கிறது, விசிறி சூட்டைத்தான் அள்ளிக் கொடுத்தது. அந்தக் கிழமை முடியுமுன் மகள் கடப்பைத் தாண்டிவிட்டாள். பின்னேரம் திரும்பவும் அந்தச் சிரிப்பு.

சகலன் பார்க்க வந்தார். மெசினின் முதுகில் கையை வைத்தார்.

"அடுப்புப் போலக் கிடக்கு தம்பி. நாளைக்கு நானும் கடைக்கு வாறன்."

"தேவையில்ல அண்ணன். எஞ்சின் எண்டாச் சூடாகத்தான் செய்யும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடப்பைத் தாண்டிப் போனார். கேலி செய்திருந்தாலும் பொறுத்திருப்பேன். அந்த மரியாதைதான் என்னை எரித்தது.

அடுத்த நாள் தனியாகப் போனேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. அந்த நம்பர் வலுவைச் சொல்வதல்ல, சுற்றைச் சொல்வது என்றார். பெரிய நம்பர்காரன் கூடச் சுற்றுகிறான், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச வேலைதான் செய்கிறான், சூடு மட்டும் ஏறுகிறது. சின்ன நம்பர்காரன் ஆறுதலாகச் சுற்றி ஒரு சுற்றிலேயே கூட வேலையை முடிக்கிறான்.

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. இதை எனக்கா சொல்லவேண்டும்? தண்ணீருக்குள் சுற்றும் காற்றாடி சரியில்லாத எஞ்சின் கத்தோ கத்தென்று கத்தும், தோணி நின்ற இடத்தில் நிற்கும். சுற்று வேறு, இழுவை வேறு. எத்தனை மீன்காரருக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம். சகலனுக்கு ஸ்பானர் பிடிக்கவும் தெரியாது, அந்த மனிசன் பேப்பரில் வாசித்து இதை என்னை முந்திக்கொண்டு விளங்கியிருக்கிறார்.

புரொசசரை மட்டும் மாற்றமுடியவில்லை. கொம்பனி வேறு என்பதால் அதைப் பூட்டும் போர்ட்டையும் சேர்த்து மாற்றவேண்டியிருந்தது. நட்டம்தான். மாற்றினேன். சகலனுடைய அதே இரண்டு. வெறும் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில், உள்ளே ஒரு சின்னப் பழுது, நானே பார்த்துச் சரிசெய்தேன் என்றேன்.

மெசின் வாவியில் விட்ட தோணிபோல ஓடியது. சூடில்லை, சத்தமில்லை. மகள் இரண்டு நாள் இருந்து விளையாடினாள். மூன்றாம் நாள் பின்னேரம் செருப்பைப் போட்டுக்கொண்டு கடப்புப் பக்கம் நடந்தாள்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இப்ப என்ன குறை மகள்? அங்க உள்ளதுதானே இஞ்சயும் இருக்கு. அதே புரொசசர்தானே?"

வாய் தவறிவிட்டது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"மெசின்ல ஒரு குறையும் இல்ல அப்பா. தனிய விளையாட அலுப்பா இருக்கு. பெரியப்பா எனக்கு எதிரா ஓடுவார். நீங்க பின்னால நிண்டு, சூடு ஏறுதா எண்டு கையை வைச்சுப் பாக்கிறீங்க."

தோற்கிற விளையாட்டில் நான் இறங்குவதில்லை. ஊர் அறிந்த விசயம் அது. ஆனால் அவள் செருப்போடு நிற்கிறாள், அந்தப் பக்கம் சகலன் கம்பியூட்டரைப் போடும் சத்தம் கேட்கிறது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். எந்த எழுத்தை அமர்த்தினால் கார் திரும்பும் என்று கேட்டேன்.

முதல் ஓட்டத்தில் என் கார் மதிலோடு மோதி நின்றது. இரண்டாவதில் வந்த பக்கமே திரும்பி ஓடியது. அவள் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். வேலிக்கு மேலால் வந்த அதே சிரிப்பு, இப்போது என் காதுக்குப் பக்கத்தில்.

"பெரியப்பாவை விட நான் மோசமா?"

"நல்ல மோசம் அப்பா."

அங்கே இதைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. இந்த வயதிலும் அது முழுதாகப் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஐந்தாவது ஓட்டத்தில் இருக்கும்போது கடப்படியில் செருமல் கேட்டது. சகலன் நின்றார். அவரும் தனியாகத்தானே கார் ஓட்டிக்கொண்டு இருந்திருப்பார்.

"வாங்க பெரியப்பா, அப்பா தோக்கிறதைப் பாருங்க," என்றாள் மகள்.

அவர் வந்து பின்னால் நின்றார், மெசினின் முதுகில் ஒருதரம் கையை வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூத்தவர், மரியாதைக்கு எழும்பி இடம் கொடுத்திருக்கவேண்டும். மனைவி கதவடியில் நின்று கண்ணால் காட்டினாள்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.