ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை

கம்ப்யூட்டரில் நல்ல சத்தம் வரவைக்கிற தொழிலில் பாதி மல்லுக்கட்டு மெஷினோடு, மீதி "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிற மனிதர்களோடு. புது ஸ்பீக்கர் வாங்கிய அன்றே 'என்னவோ குறையுதே' என்று மண்டையைப் பிய்த்துக்கொண்ட அன்பர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. மணவாள நகரில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் வீட்டுக்கும் போவேன்.

கும்மிடிப்பூண்டி சேவியர் அண்ணன் என்னை விடாமல் கூப்பிட்டவர். இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் வேலை. அவர் மனைவி மெர்சி அக்கா சர்ச்சில் பாடுகிறவர். அந்தப் பாட்டைப் பதிவு செய்து, கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட அதே குரலாக வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அண்ணனுக்கு வேறு ஆசையே கிடையாது. கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் எல்லாம் அதற்காகத்தான்.

உறுமல்

முதல் புகார், ஸ்பீக்கரைப் போட்டதும் 'உர்ர்' என்ற உறுமல். பெரியபாளையம் வழியாக இடுப்பொடியப் பைக்கில் போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டதும் சுருக்கென்று ஒரு கடி. ப்ளக்கைப் பார்த்தால் எர்த் பின்னை இடுக்கியால் வெட்டி எறிந்திருக்கிறார், சுவரில் இருந்தது இரண்டு ஓட்டை சாக்கெட்டாம்! மில்லில் எர்த் இல்லாத மோட்டார் பக்கமே போகாத மனுஷன், வீட்டில் இப்படி.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்து, ப்ளக்கையும் மாற்றினோம். உறுமல் நின்றது. அக்காவின் பாட்டைப் போட்டேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது, அப்படியொரு குரல். அண்ணன் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார்.

"உறுமல் போச்சு தம்பி. ஆனா இவ குரல் மேல போர்வை போட்டு மூடுனாப்ல கீது."

போர்வை

மறுபடி போனேன். பாட்டுப் போடும் சாஃப்ட்வேரில் மேல்ஸ்தாயி ஒலிகளைக் கூட்டும் பட்டையெல்லாம் உச்சியில் நின்றது. போதாததற்கு, சத்தத்தை மெருகேற்றுகிறேன் என்று கம்ப்யூட்டரே செய்யும் கோணங்கித்தனம் ஒன்று உண்டே, அதுவும் ஆனில். எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரைக் கேட்டு இதையெல்லாம் தொட்டார்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பதிவில் இருப்பது அப்படியே வருகிற மாதிரி வைத்தேன். அக்கா மூச்சு இழுப்பதும், யாரோ பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவதும் கூடத் தெளிவாகக் கேட்டது.

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "அப்பாடா, இப்பதான் காதக் குத்தாம கேக்குது" என்றார். அண்ணன் முகம் தொங்கிப்போனது.

"இன்னா தம்பி பண்ண? இருந்த கொஞ்சமும் போச்சே!"

விசில்

ஒரே அறை, ஒரே பாட்டு, ஒருவருக்குத் தேன், ஒருவருக்குப் போர்வை. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதுவே மனதில் ஓடியது. அடுத்த முறை சோதனை ஒலி ஒன்றை எடுத்துப் போனேன். அடித்தொண்டை மாதிரித் தொடங்கி, மெல்ல மெல்ல விசிலாக உயரும். ஸ்பீக்கர் எங்கே திணறுகிறது என்று பார்க்க நாங்கள் வைத்திருப்பது.

இருவரையும் எதிரில் உட்கார வைத்துப் போட்டேன். ஒலி ஏறியது. ஸ்பீக்கர் திணறவே இல்லை. விசில் கீச்சென்று வந்ததும் அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. அண்ணன் மட்டும் ஸ்பீக்கரையே பார்த்தபடி ஆடாமல் அசையாமல் காத்திருந்தார். விசில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"இன்னா தம்பி, நடுவுல நிறுத்திட்ட?"

காதா, காலா

காது டாக்டரிடம் போகச் சொன்னேன். மில் இரைச்சலில் போனது போனதுதான், இனி காதில் அடைப்பான் போடாமல் அங்கே நின்றால் மிச்சமும் போகும் என்று சொல்லியிருக்கிறார் டாக்டர். அடுத்து நான் போனபோது வீட்டில் அதை வைத்துத்தான் சண்டை. அடைப்பானைக் கம்பெனி கொடுத்துத்தான் இருக்கிறது. நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கும். சேஃப்டி ஆபீசர் வந்தால் காதுக்குள், போனால் மறுபடி கழுத்துக்கு.

"பேஜாரு புட்ச்ச வேல தம்பி" என்றார் அண்ணன். "பழுக்கக் காஞ்ச கம்பி தடம் மாறிச்சுன்னா மொதல்ல சத்தம்தான் மாறும். அத்த கேட்டுத்தான் நாங்க நவுந்துக்குவோம். காத அடச்சிக்கினு நின்னா காலு போய்டும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. "அப்போ உருட்டுற இடத்துலயே நிக்காதீங்க அண்ணே, வேற பக்கம் மாத்திக் கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். அண்ணன், "அங்கல்லாம் போனா பாட்டு திரும்பி வருமா?" என்று சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. அண்ணன் காதுக்கு எட்டும்படி, கிட்டே போய் நின்று சொன்னார்.

"என் பாட்டு ஒனக்குக் கேக்க வேணாம்யா. நான் கூப்ட்டா திரும்பிப் பாக்கற அளவுக்கு வெச்சிக்கினு வா, போதும்."

அண்ணன் இப்போது கம்பி அடுக்கும் யார்டில், காதில் அடைப்பானோடு இருக்கிறார். நானோ, யார் 'சத்தம் சரியில்லை' என்று கூப்பிட்டாலும் வீட்டில் இன்னொருத்தரையும் அதே பாட்டைக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறேன். வியாபாரத்துக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது.