கோளாறு மைக்கில் இல்லை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் ‘ஹலோ’. முப்பது வருடமாக மேடை மேடையாக மைக்கைத் தட்டி, “ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்” என்று சொல்லிச் சொல்லியே ஆளின் பெயர் அதுவாகிவிட்டது. தெருவில் யாராவது “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டால், முதல் ஹலோ விசாரிப்பு, இரண்டாவது ஹலோ ஆள்.

மைக் செட் வைத்திருப்பவருக்குச் சொந்த அபிப்பிராயம் இருந்தால் தொழில் படுத்துவிடும். தீராத நோயில் கிடப்பவர் தானே கேட்டால், சாகிறதற்குச் சட்டம் அனுமதி தரலாமா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றபோது, ‘தரலாம்’காரர்களின் காலைக் கூட்டத்துக்கும் ‘கூடவே கூடாது’காரர்களின் மாலைக் கூட்டத்துக்கும் ஹலோ அதே மைக்கைத்தான் கொண்டுபோனார். காலையில் “மனிதாபிமானம்!” என்று மேசையைத் தட்டினார்கள். மாலையிலும் “மனிதாபிமானம்!” என்றுதான் தட்டினார்கள். குமிழைக்கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

குமிழ் என்பது அவர் முன்னால் இருக்கும் மிக்சர் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. பூஜ்யம் முதல் பத்து வரை எண் போட்டிருக்கும். ஹலோவுக்கு மனிதர்கள் எல்லாரும் எண்கள்; குரல் சின்னதாக ஆக ஆக எண் கூடும். தேர்தலில் நிற்பவர் இரண்டு. ஜெயித்த பிறகு அவரே ஐந்து. புது மாப்பிள்ளை எட்டு.

அவருடைய அக்கா ஒன்றுக்கும் கீழே. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆண்டு விழாவில் தம்பி வைத்த மைக்கை ஒதுக்கித் தள்ளிவிட்டு, “இது எதுக்குடா எனக்கு?” என்று கேட்டவர். அது ஒரு காலம். போன வருடம் நரம்பில் ஏதோ வியாதி வந்தது. நாக்கும் தொண்டையும் பேச்சைக் கேட்க மறுத்தன. முதலில் குரல், அப்புறம் விழுங்குவது, அப்புறம் மூச்சு என்று டாக்டர் பஸ் நிறுத்தங்களைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா, தம்பி வீட்டு முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார்.

அரசாங்கம் இதற்கொரு மசோதா எழுதி, மக்கள் கருத்தைக் கேட்க ஒரு குழுவை அமைத்தது. யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். அக்கா அன்றே பதிவு செய்தார். எண் நாற்பத்தேழு. ஒரே ஒரு விதி: நேரில் வந்து, சொந்த வாயால் பேச வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. குரலைப் பதிவு செய்து போட்டாலும் செல்லாது. இன்னொருவர் வாசித்தாலும் செல்லாது. சொந்தக்காரர்கள் நோயாளியின் பேரைச் சொல்லித் தங்கள் இஷ்டத்துக்குப் பேசிவிடக் கூடாதல்லவா? நல்ல விதிதான். முதலில் வாயையே எடுத்துக்கொள்ளும் வியாதி ஒன்று இருக்கும் என்று மட்டும் விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை.

முதல் அமர்வுக்குக் காலையிலேயே போனார்கள். மைக் செட் ஒப்பந்தமும் ஹலோவுக்குத்தான். கூட்டம் தொடங்குமுன் அக்காவை மைக் முன்னால் பேசவைத்துப் பார்த்தார். குமிழ் நாலு. தாராளம்.

ஆனால் அன்றைக்கு மசோதாவின் பெயரைத் தாண்டிக் குழு நகரவில்லை. ‘கருணைக் கொலை’ என்று அச்சடித்திருந்தார்கள். “கொலை எங்கே வந்தது?” என்று ஒரு பக்கம் எழுந்தது. சரி, ‘கருணை மரணம்’ என்றார் தலைவர். “கருணை எங்கே வந்தது?” என்று மறுபக்கம் எழுந்தது. ‘விருப்ப மரணம்’ என்றார்கள். “யார் விருப்பம்? மகனோட விருப்பமா, மருமகளோடதா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாமியார் கேட்டார். மூன்று வாரம் ஒத்திவைத்தார்கள்.

இரண்டாம் அமர்வில் அக்கா குமிழ் ஏழு.

அன்றைக்குப் பெயர்ப்பலகையில் ‘கருணை கொலை’ என்றிருந்தது. நடுவில் இருந்த ‘க்’கைக் காணோம். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். “ஒற்று போட்டா கருணையால செய்யற கொலை. ஒற்றை எடுத்துட்டா உம்மைத்தொகை. கருணையும் கொலையும்னு அர்த்தம். இரவு பகல் மாதிரி ரெண்டும் தனித்தனி.”

உறுப்பினர் ஒருவர் முகம் மலர்ந்தார். “அப்ப எடுத்துடலாமே ஐயா! ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கட்டும்.”

அந்த ஒரு புள்ளி வைத்த எழுத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை மல்லுக்கட்டினார்கள். மிச்ச நேரத்தில் ஆட்களைக் கூப்பிட்டு, நாற்பத்தொன்றாம் எண்ணோடு அமர்வு முடிந்தது. இன்னும் ஒரு மாதம்.

வீட்டுக்கு வந்து ஹலோ செருப்பை உதறிய உதறலில் அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. “ஒரு எழுத்துக்கு அரை நாளா? இவங்களையெல்லாம்...”

“கத்தாதடா” என்றார் அக்கா. ஒவ்வொரு சொல்லும் ஈரத்துணியைப் பிழிவதுபோல் வந்தது. “சத்தம்... உனக்காவது... மிச்சம் இருக்கட்டும்.”

“நீ அங்க என்னதான்க்கா சொல்லப்போற?”

அக்கா சொன்னார். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. சுருக்கம் இதுதான்: “நான் நாளைக்கே சாகணும்னு கேக்கல. ஒரு ரூம்ல உக்காரவெச்சு வெளிய பூட்டிட்டா, அந்த ரூம்ல எனக்கு இருப்புக்கொள்ளாது. பூட்டாம விட்டா சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உக்காந்து பேப்பர் திருத்துவேன். பூட்டாதீங்க. அவ்வளவுதான்.”

ஹலோ ஒரு ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுற்றியிருந்த ஒயர்.

“நீ எந்தப் பக்கம்டா?”

“நான் மிக்சர் பக்கம்.”

“அது தெரிஞ்ச விஷயம்தானே” என்றார் அக்கா. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கப் பத்து நிமிடம் பிடித்தது.

மூன்றாம் அமர்வில் எண் நாற்பத்தேழைக் கூப்பிட்டார்கள். சக்கர நாற்காலியை ஹலோவே தள்ளிக்கொண்டு போய், மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துவிட்டு, மிக்சருக்கு ஓடினார். அக்கா வாயைத் திறந்தார். எட்டு. ஒன்பது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ காகிதம் புரட்டியது கேட்டது. அக்காவின் குரல் கேட்கவில்லை. பத்து. அவ்வளவுதான், ஸ்பீக்கர் ‘வீய்ய்ய்’ என்று ஊளையிட, இருநூறு பேர் காதைப் பொத்தினார்கள்.

“மைக் சரியில்லைப்பா!” என்றார் தலைவர்.

மூன்று நிமிடமும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மணி அடித்தார்கள். “பாருங்க, எவ்வளவு வேதனை!” என்றது ஒரு பக்கம். “பாருங்க, வாழணும்னு எவ்வளவு துடிப்பு!” என்றது மறுபக்கம். இரண்டு பக்கமும் கைதட்டின.

மறுநாள் நடவடிக்கைக் குறிப்பின் நகல் வந்தது. ‘எண் 47: ஒலிபெருக்கி கோளாறு காரணமாகப் பேச்சு பதிவாகவில்லை.’

முப்பது வருடத்தில் ஹலோ வாங்காத பட்டம். நேரே குழு அலுவலகத்துக்குப் போனார்.

“சார், என் மைக்ல ஒரு கோளாறும் இல்ல.”

குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்தார். “பின்ன என்னன்னு எழுதறது?”

“முதல் நாளே பேச விட்டிருந்தா கேட்டிருக்கும்னு எழுதுங்க.”

“படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லையே. திருத்தம் வேணும்னா, பேசினவங்களே நேர்ல வந்து வாயால கேக்கணும்.”

ஹலோ அந்த மனிதரின் முகத்தையே பார்த்தார். கிண்டல் இல்லை. அவர் நிஜமாகவே உதவுகிறார்.

வீட்டில் அக்கா நகலைப் படித்தார். கைக்கு எட்டிய சிவப்புப் பேனாவால் ‘ஒலிபெருக்கி’க்கும் ‘கோளாறு’க்கும் நடுவே ஒரு சுழி போட்டு, நடுங்கும் எழுத்தில் எழுதினார்: ‘க் எங்கே?’

நான்காம் அமர்வு, கடைசி அமர்வு. தலைவர் இன்னும் வரவில்லை. மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஹலோ மேடையேறி மைக்கைத் தட்டினார்.

“ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். நான் நாளைக்கே சாகணும்னு கேக்கல.”

பேச்சு சட்டென்று அடங்கியது.

“டெஸ்டிங். ஒரு ரூம்ல உக்காரவெச்சு வெளிய பூட்டிட்டா, அந்த ரூம்ல எனக்கு இருப்புக்கொள்ளாது. டெஸ்டிங். பூட்டாம விட்டா சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உக்காந்து...”

“யோவ் ஹலோ!” குமாஸ்தா ஓடிவந்தார். “அமர்வே இன்னும் ஆரம்பிக்கல. இதெல்லாம் கணக்குல வராது!”

“வர வேணாம் சார். டெஸ்டிங். ‘பூட்டாதீங்க. அவ்வளவுதான்.’ பின்னால கேக்குதா?”

பின்வரிசையில் அந்த மாமியார் கையைத் தூக்கினார். “நல்லா கேக்குதுப்பா.”

“போதும், இறங்குய்யா!” என்று குமாஸ்தா கத்தினார். மைக் பக்கத்தில் நின்றதால் அவர் அடுத்துக் கத்தியது ஸ்பீக்கரிலும் வந்தது: “மைக் நல்லாத்தான் இருக்கு!”

ஹலோ மைக்கை அவர் பக்கம் நீட்டினார். குமிழ் மூன்று.

“இதை எழுதிக்குங்க சார்.”