ஆட்சேபணை இல்லாத தீர்மானம்

அவரை எல்லோரும் ‘கும்பிடு கவுன்சிலர்’ என்றுதான் சொல்வார்கள். அதில் கேலியும் உண்டு, பிரியமும் உண்டு. காலையில் ஹார்டுவேர் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் கையைக் கூப்பிக் கண்ணை மூடிவிடுவார். சாமான் வாங்க வந்தவர் நின்றுகொண்டிருப்பார்.

“அண்ணே, சாமிகிட்ட என் வாஷரையும் சேர்த்துக் கேளுங்க. வீட்ல தண்ணி நிக்காம ஓடுது.”

கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்.

அரசியலுக்கு வந்ததும் ஒரு குழாயால்தான். தெருக்குழாய் உடைந்து மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடையிலிருந்து பைப்பை எடுத்துப்போய்த் தானே மாட்டினார். அடுத்த தேர்தலில் தெருக்காரர்களே அவரை நிற்க வைத்தார்கள். இரண்டு முறை ஜெயித்தார். யாரிடமும் கை நீட்டியதில்லை.

“கடவுளுக்குப் பயந்தவன் மேடையில ஒண்ணு, கீழ ஒண்ணு பேச முடியாதும்மா” என்பார் மனைவியிடம்.

“கீழ பேசறதுக்கு நீங்க எங்க வீட்ல இருக்கீங்க?” என்பாள் அவள்.

அவருக்கு ஒரே தங்கை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. கணவன் எப்போதோ விட்டுப்போய்விட்டான். மகள் வளர்ந்த பெண். நிமிர்ந்து நின்றால் அம்மாவை விட உயரம். ஆனால் எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று தெரியாது. மார்க்கெட்டுக்குப் பின்னால், நகர்மன்றத்துக்குச் சொந்தமான பழைய கட்டடத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு பகல் இல்லம் இருந்தது. காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், மாலையில் கூட்டிக்கொள்ளலாம். அங்கே அவள் நாளெல்லாம் பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். மாலையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுக் கை தட்டுவாள்.

அந்தக் கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று மார்க்கெட் வியாபாரிகள் கேட்டார்கள். நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. லாரி நிற்க இடமில்லாமல் காய்கறி வெயிலில் வாடியது. எல்லோரும் அவர் வார்டுக்காரர்கள். ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தவர்கள்.

தங்கை கடைக்கே வந்தாள்.

“அண்ணா, அந்த இடம் போச்சுன்னா நான் வேலைக்குப் போக முடியாது. நீ எழுந்து ஒரு வார்த்தை சொல்லுவியா?”

“சொல்றேன்மா. ஒரு ஆள் ஆட்சேபிச்சாலே போதும், தீர்மானத்தைத் தள்ளி வச்சுடுவாங்க. அதுக்குள்ள வேற இடம் பார்த்துடலாம்.”

“சத்தியமா?”

“சத்தியம் எதுக்கு? நான் சொன்னா சொன்னதுதான்.”

அந்த மன்றத்தில் கை தூக்கும் வழக்கமே குறைவு. தலைவியம்மா தீர்மானத்தை வாசிப்பார், “ஆட்சேபணை உண்டா?” என்பார், சற்று நிறுத்துவார், மேஜை மணியைத் தட்டுவார். பேசாமல் இருந்தவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்கள். மணி அடித்த பிறகு வாயைத் திறந்து பயனில்லை.

அன்று பார்வையாளர் பக்கம் வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். நிமிர்ந்தால் தெரிந்த முகங்கள். தலைவியம்மா வாசிக்கத் தொடங்கியதும் வழக்கப்படி கையைக் கூப்பிக் கண்ணை மூடினார். கடவுளே, யாரும் நோகாத வார்த்தையாக ஒன்று கொடு என்று கேட்டார். வார்த்தை வரவில்லை. மறுபடி கேட்டார்.

மணி அடித்தது.

“ஏகமனதாக நிறைவேறியது.”

அவர் எழுந்தார். “அம்மா, எனக்கு ஆட்சேபணை இருக்கு.”

“இப்பவா? வாசிச்சு முடிச்சு உங்க முகத்தைத்தானே பார்த்தேன்!”

“நான்… கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

அவை சிரித்தது. தலைவியம்மா சிரிக்கவில்லை. “நீங்க கடவுள்கிட்ட பேசினதெல்லாம் நடவடிக்கைக் குறிப்புல வராதுங்க. அடுத்த தீர்மானம்.”

வெளியே வந்ததும் வியாபாரிகள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “தங்கச்சி விஷயம் தெரியும். அப்படியும் மணி அடிக்கிற வரைக்கும் எங்களுக்காக வாய மூடிக்கிட்டீங்களே, மறக்க மாட்டோம்.” இல்லை என்று சொல்ல நினைத்தார். அப்போதும் சொல்லவில்லை.

கட்டடத்தை இடித்தார்கள். வேறு இடத்துக்கு அவர் ஏறி இறங்காத வாசல் இல்லை, எதுவும் அமையவில்லை. அவர் மனைவி பெண்ணைப் பகலில் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் அந்தப் பெண் அடுப்பைத் திருகிவிட, திரைச்சீலையில் தீப்பிடித்தது. அதன் பிறகு தங்கையே மகளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்கும். கோபத்தில் தட்டுகிற தட்டு இல்லை. விருந்தாளி தட்டுவதுபோல மெதுவாக, இடைவிடாமல்.

அவர் தங்கை வீட்டுக்குப் போனார்.

“தினமும் உனக்காகத்தான் வேண்டிக்கிறேன்மா.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு நீ வேண்டிக்கிட்டதாலதானே அண்ணா இவ்வளவும்?”

“மனசறிஞ்சு செய்யல.”

“எதிர்த்துப் பேசியிருந்தா, அப்புறம் தோத்திருந்தாலும் மனசறிஞ்சு தோத்திருப்ப. நானும் என் அண்ணன் எனக்காகப் பேசித் தோத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன். அதுகூட இல்லாம பண்ணிட்டியே.”

வீட்டுக்கு நடந்து வரும்போது அது முதல்முறையாகத் தெளிவாகத் தோன்றியது: அவர் கண்ணை மூடியது கடவுளைப் பார்க்க அல்ல, வியாபாரிகளைப் பார்க்காமல் இருக்க. கடவுளை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் இன்னும் எத்தனை முறை அப்படி ஒளிந்தாரோ. லஞ்சம் வாங்காதவன் என்ற பெயர் இருக்கும்போது யார் அதைக் கேட்கப்போகிறார்கள்?

கடைசியில் தொலைவில், தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. அவர்தான் வண்டி ஏற்பாடு செய்து உடன் போனார். பெண் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சந்தோஷமாக இருந்தாள். ஊர் சுற்றப் போகிறோம் என்று நினைத்துவிட்டாள்.

விடுதி அம்மாள் நல்லவராகத்தான் தெரிந்தார். பெண்ணின் பெட்டியை வாங்கி வைத்தார். பார்க்க வரக்கூடியவர்கள் யார் யார் என்று விசாரித்தார்.

“நான் மட்டும்தான்” என்றாள் தங்கை.

“இவரு?”

தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை. தூரத்தில் தெரிகிற பஸ் நம்முடையதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“எங்க வார்டு கவுன்சிலர். கூட வந்தார்.”

விடுதி அம்மாள் பரபரத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க ஐயா. பெரிய மனசு உங்களுக்கு. இந்தக் காலத்துல வார்டு ஆளுங்களுக்காக யாருங்க இவ்வளவு தூரம் வர்றாங்க?”

அவர் உட்காரவில்லை. தங்கை அந்த அம்மாளிடம், மகளுக்கு இடது செருப்பை முதலில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.